நிழலை விட்டுச் சென்றவர்கள்: ஓகஸ்ட் மாதத்து ஸ்பெயினில் படித்த வரலாற்றுப் பாடம்



போன வருட ஓகஸ்ட் விடுமுறையில் ஸ்பெயின் போய் வந்ததைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். படங்கள் மட்டும் போட்டுவிட்டு எழுதாமல் கடத்திவிட்டேன். உண்மையில் எழுத மனம் வரவில்லை. அந்தப் பயணம் நான் நினைத்த இடத்தில் முடியவில்லை. இன்று எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

மகளும் மருமகனும் வலென்சியா நகரில் இருக்கிறார்கள். எனக்குத் தவணை விடுமுறையை விட்டால் வேறு காலம் இல்லை. மருமகன் முதலிலேயே சொன்னார்: "மாமா, ஓகஸ்ட்டில் இங்கத்த ஆட்களே ஊரைப் பூட்டிப்போட்டுக் கடற்கரைக்குப் போயிருவாங்க. இந்த நேரத்திலயா வாறீங்க?" நான் சிரித்தேன். முப்பது வருடத்துக்கு மேலாகப் புத்தளத்து வெயிலில் கிடப்பவனுக்கு வெயிலைப் பற்றிப் பாடம் நடத்துகிறாரே என்று நினைத்தேன்.

அந்தச் சிரிப்பு குர்துபாவில் அடங்கியது. இன்று கொர்டோபா என்கிறார்கள். பின்னேரம் நான்கு மணி இருக்கும். பழைய நகரத்தின் ஒரு தெருவில் நானும் மருமகனும் நடந்துகொண்டிருந்தோம். கடைகள் பூட்டு. ஜன்னல் பலகைகள் சாத்தியபடி. ஒரு பூனைகூட வெளியில் இல்லை. எனக்கு வியர்க்கவே இல்லை. "இவ்வளவுதானா உங்கட வெயில்?" என்று கேட்க வாயெடுத்தபோது தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வீட்டுக் கதவு பாதி திறந்தது. ஒரு வயதான அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்து, வாசலுக்கும் முற்றத்துக்கும் இடையிலிருந்த இருண்ட நடையில் உட்கார வைத்தார். இரண்டு மூக்கு வைத்த ஒரு மண் கூசாவைத் தூக்கித் தந்தார். தண்ணீர் சில்லென்று இருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த குளிர் அல்ல. எங்கள் மூத்தம்மா அடுப்படி மூலையில் மணல் பரப்பி வைத்திருந்த மண் குடத்தின் குளிர்.

வெயிலின் கணக்கு

எனக்கு என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோடையில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவும்.

நமது வெயில் ஈரமான வெயில். 33 பாகையிலேயே சட்டை நனைந்து, "போதும், நிழலுக்குப் போ" என்று உடம்பு சொல்லிவிடும். குர்துபாவின் கோடைக் காற்று காய்ந்தது. வியர்வை தோலுக்கு வரும்போதே ஆவியாகிவிடும். நீர் போய்க்கொண்டிருப்பது தெரியாது. தெரியும்போது தலை சுற்றும். 2021 ஓகஸ்ட் நடுப்பகுதியில் குர்துபா மாகாணத்தில் வெப்பம் 47 பாகை செல்சியஸைத் தாண்டியது. ஸ்பெயினில் இதுவரை பதிவான உச்ச வெப்பம் அதுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஸ்பெயினின் கடிகாரம் சூரியனுக்கு முன்னால் ஓடுகிறது. 1940இல் ஜெர்மனி, பிரான்ஸ் பக்கத்து நேரத்துக்கு மாற்றினார்கள். பிறகு திருப்பவே இல்லை. கோடையில் அதற்கு மேல் இன்னும் ஒரு மணித்தியாலம் கூட்டுகிறார்கள். அதனால் ஓகஸ்ட்டில் குர்துபாவில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் 2.20ஐயும் தாண்டியிருக்கும். ழுஹர் நேரம் அப்போதுதான் தொடங்கும். வெப்பம் உச்சத்தில் இருப்பது ஐந்து, ஆறு மணிக்கு. மஃரிப் ஒன்பது மணிக்குப் பிறகு. நான்கு மணி என்றால் வெயில் இறங்கியிருக்கும் என்று நமது பழக்கத்தில் நினைத்தேன். அங்கே அது ஏறிக்கொண்டிருக்கும் நேரம்.

அந்நேரம் ஊர் தூங்கும். சியெஸ்டா என்பார்கள். அதுவும் முஸ்லிம்கள் கொடுத்தது என்று நம்மில் சிலர் எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறேன். அது சரியில்லை. ஆறாவது மணித்தியாலம் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது, ரோமர் காலத்துப் பழக்கம். நமக்கு நபிவழியில் கைலூலா என்ற பகல் தூக்கம் இருக்கிறது. இரண்டும் அந்த மண்ணில் சந்தித்திருக்கும், அவ்வளவுதான். நமது பெருமைக்காக மற்றவர் பங்கை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நமது பங்கே நிறைய இருக்கிறது.

வீட்டுக்குள் இருக்கும் அரபுச் சொற்கள்

அந்த அம்மாவின் வீட்டு நடையில் அரை மணித்தியாலம் இருந்தேன். மருமகன் மொழிபெயர்த்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்தின் பெயரைக் கேட்டேன். "ஸகுவான்" என்றார். "உஸ்துவான்" என்ற அரபுச் சொல்லின் பேரன் அது. மொட்டை மாடிக்கு என்ன பெயர்? "அஸொத்தேயா". அதுவும் அரபு. தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி "அல்பெர்க்கா", நமது "பிர்கா"தான். நிலத்தடித் தொட்டி "அல்ஹிபே", அரபில் "ஜுப்". யூஸுஃப் நபியைச் சகோதரர்கள் போட்ட கிணற்றுக்குக் குர்ஆனில் வரும் அதே சொல். வாய்க்கால் "அஸெக்கியா", அரபில் "ஸாகியா". நீர் இறைக்கும் சக்கரம் "நோரியா", "நாஊரா". ஊரைச் சுற்றி ஓடும் ஆறு குவாதல்கிவீர்; "வாதில் கபீர்", பேராறு.

முற்றத்தில் நின்ற தோடைக்கு "நரான்ஹா" என்றார். அரபு "நாரஞ்சி"லிருந்து வந்தது. அது பாரசீகத்திலிருந்தும், அதற்கு முன் சமஸ்கிருதத்திலிருந்தும் வந்தது. அதன் வேர் நமது "நாரத்தை"யின் பக்கம் இருக்கிறது என்று மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். நம் பக்கத்து மரமும் நம் பக்கத்துச் சொல்லும் அரபு வணிகர் கையில் ஏறி அவ்வளவு தூரம் போயிருக்கின்றன.

வீடு எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்த்தேன். தடித்த சுவர். சுண்ணாம்பு வெள்ளை. தெருப்பக்கம் ஜன்னல் குறைவு. காற்றும் வெளிச்சமும் நடு முற்றத்திலிருந்து வரும். இரவில் இறங்கும் குளிர்ந்த காற்று முற்றத்தின் அடியில் தேங்குகிறது. விடிந்ததும் மேலே துணிப் பந்தலை இழுத்து மூடி அந்தக் குளிரைப் பூட்டிவைக்கிறார்கள். பூச்சாடிகளுக்கும் தரைக்கும் தண்ணீர் தெளிக்கிறார்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கூசாவின் சில்லிப்புக்கும் அதே காரணம்தான். காய்ந்த காற்றில் இது அற்புதமாக வேலை செய்யும். முற்றம் வைத்த வீடு ரோமர்களிடமும் இருந்தது. அதில் நீரையும் மரத்தையும் நிழலையும் ஓர் ஒழுங்காகச் சேர்த்து ஊருக்கே பொதுவாக்கியது அந்தலுஸ் மக்களின் எண்ணூறு வருட வேலை.

அந்த அம்மா கடைசியில் கேட்டார், எங்கிருந்து வருகிறேன் என்று. இலங்கை என்றேன். உற்சாகத்தில் ஆங்கிலத்தில் "நான் சிறிலங்கா மூர்" என்றும் சேர்த்துவிட்டேன். பிறப்புச் சான்றிதழில் அப்படித்தானே இருக்கிறது. மருமகன் அந்தச் சொல்லை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. வெளியில் வந்ததும் சொன்னார்: "மாமா, 'மோரோ' என்று இங்கே சத்தமாச் சொல்லாதீங்க. மொரோக்கோக்காரரை ஏசுற சொல் அது."

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

அகதி கட்டிய பள்ளி

குர்துபாவின் பெரிய பள்ளிவாசலை 785ஆம் ஆண்டளவில் தொடங்கியவர் முதலாம் அப்துர் ரஹ்மான். அவர் ஓர் அகதி. 750இல் திமிஷ்கில் உமையா ஆட்சியை அப்பாஸியர் கவிழ்த்துக் குடும்பத்தையே வேட்டையாடியபோது தப்பிய இளைஞர். யூப்ரடீஸ் ஆற்றை நீந்திக் கடந்து, வட ஆபிரிக்கா முழுவதும் மறைந்து திரிந்து, 755இல் அந்தலுஸில் கரையேறினார். அடுத்த வருடமே குர்துபா அவர் கையில். ஊருக்கு வெளியே தோட்டம் அமைத்து, தன் பாட்டனாரின் சிரியத் தோட்டத்தின் பெயரான ருஸாஃபாவையே வைத்தார். அங்கே ஒரு பேரீத்த மரத்தைப் பார்த்து, நீயும் என்னைப் போலப் பிறந்த மண்ணை விட்டு வந்தவள்தானே என்ற கருத்தில் அவர் பாடிய கவிதை அரபு இலக்கியத்தில் பிரபலமானது.

பள்ளிக்குள் 850க்கு மேற்பட்ட தூண்கள் இன்றும் நிற்கின்றன. முதற்கட்டத் தூண்கள் பல ரோமர், விசிகோத்தியர் கட்டடங்களிலிருந்து எடுத்தவை. குதிரை லாட வளைவும் விசிகோத்தியரிடம் இருந்ததுதான். இரண்டாம் ஹகம் காலத்து மிஹ்ராபின் கண்ணாடிச் சில்லு வேலைக்குக் கொன்ஸ்தாந்திநோபிளின் கிறிஸ்தவ மன்னர் கைவினைஞரை அனுப்பினார். 1236இல் நகரம் கைமாறியபின் அது தேவாலயமாயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் நடுத்தூண்களை எடுத்துவிட்டுப் பெரிய தேவாலயக் கூடத்தை உள்ளேயே எழுப்பினார்கள். முஸ்லிம்கள் அங்கே தொழ அனுமதியில்லை. மிஹ்ராபுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, சுற்றுலாப் பயணியாக நின்றேன். உள்ளே என்ன ஓதினேன் என்பது எனக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும்.

என்னை அதிகம் பிடித்தது வெளிமுற்றம்தான். வுழூ செய்யும் முற்றம் அது. தோடை மரங்கள் வரிசையாக நிற்கின்றன. மரத்துக்கு மரம் கல்லில் வெட்டிய சின்ன வாய்க்கால். இன்றைய மரங்கள் பிற்காலத்தவை. ஆனால் அந்த முற்றத்தில் மரம் நட்டது ஆரம்ப காலத்திலேயே நடந்தது. அதற்கு ஒரு ஃபிக்ஹ் தகராறும் இருந்தது. பள்ளி முற்றத்தில் மரம் நடுவதை மாலிக் மத்ஹபினர் விரும்பவில்லை. சிரியாவின் இமாம் அவ்ஸாஈயைப் பின்பற்றிய ஸஃஸஆ இப்னு ஸல்லாம் என்ற அறிஞர் குர்துபாவில் ஃபத்வாப் பொறுப்பில் இருந்த காலத்தில் மரங்கள் நடப்பட்டன. பிறகு மாலிக் மத்ஹப் அந்த நாட்டின் மத்ஹபாயிற்று. மரங்கள் முற்றத்தில் நின்றுவிட்டன. 45 பாகை வெயிலில் அந்த முற்றத்துக்குள் கால் வைக்கும் எவருக்கும், எந்த மதத்தவராயினும், அந்தத் தீர்ப்பின் பலன் கிடைக்கிறது.

பனியைச் சேமித்த மலை

அடுத்தது கிரனாடா. 1238இலிருந்து அல்ஹம்ராவைக் கட்டத் தொடங்கிய நஸ்ரி மன்னர்களின் முதல் வேலை தண்ணீர். தாரோ ஆற்றில் சுமார் 6 கிலோமீற்றர் மேலே அணை வைத்து, மலைச்சரிவோடு வாய்க்கால் வெட்டி, கோட்டை மலைக்குத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். பம்பு இல்லை. நிலத்தின் சரிவு மட்டும்தான். அந்த ஒரு வாய்க்காலால்தான் அரண்மனைத் தடாகங்களும் பன்னிரண்டு சிங்கங்களின் ஊற்றும் தோட்டங்களும் ஓடின.

மேலே தெரிவது சியெரா நெவாடா, பனிமலை. அதன் உச்சியின் பெயர் முலாசென். 3,479 மீற்றர். கிரனாடாவின் கடைசி மன்னருக்கு வாப்பாவான மௌலாய் ஹஸனின் பெயர் அது. அந்த மலையின் தென்சரிவுக் கிராமங்களில் ஒரு பழைய வித்தை உண்டு. வசந்தத்தில் பனி உருகும் நீரை ஆற்றில் விட்டுவிடாமல், வாய்க்கால்களால் உயரத்தில் உள்ள பொரிநிலங்களுக்குத் திருப்பி மண்ணுக்குள் இறங்க விடுவார்கள். நீர் மலைக்குள் மெதுவாக நடந்து, மாதங்கள் கழித்து, கோடையில் கீழேயுள்ள கிராமத்து ஊற்றுகளில் வெளிவரும். மலையையே குளமாக்கிய வேலை. கைவிடப்பட்டுத் தூர்ந்த அந்த வாய்க்கால்களைக் கிரனாடாப் பல்கலைக்கழக ஆய்வாளரும் தொண்டர்களும் கிராமத்தவருடன் சேர்ந்து இப்போது மண்வெட்டியோடு திறந்துகொண்டிருக்கிறார்கள். செவில்யா நகரமும், நிலத்தடிக் கால்வாயில் காற்றைக் குளிர்விக்கும் பழைய கனாத் முறையை ஒரு பொது இடத்தில் பரீட்சித்துப் பார்க்கிறது. கோடை வருடம் வருடம் கொடியதாகும்போது பழைய அறிவைத் தேடிப் போகிறார்கள்.

நமக்கும் கிரனாடாவுக்கும் இடையில் ஒரு மனிதர் உண்டு. இப்னு பதூதா 1344இல் நமது புத்தளக் கரையில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவா ஆதம் மலைக்கு ஏறினார். சில வருடங்கள் கழித்து, 1350ஆம் ஆண்டளவில், கிரனாடாவில் இருந்தார். அவருடைய பயணத்தை எழுத்தாக்கிய இப்னு ஜுஸையை முதலில் கண்டதும் அங்கேதான். நமது ஊரையும் அந்த ஊரையும் ஒரே கண் பார்த்திருக்கிறது.

குளிப்பது குற்றமான காலம்

1492 ஜனவரி 2ஆம் திகதி கிரனாடா சரணடைந்தது. மதம், பள்ளிவாசல், சட்டம், மொழி எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. பத்து வருடம்கூடத் தாங்கவில்லை. 1499இலிருந்து கட்டாய ஞானஸ்நானம் தொடங்கியது. அரபு நூல்கள் சந்தியில் எரிக்கப்பட்டன. 1502இல் கஸ்தீலிய ஆட்சிப் பகுதியில் மதம் மாறு அல்லது வெளியேறு என்ற கட்டளை. மாறியவர்களுக்கு "மொரிஸ்கோ" என்று பெயர். சின்ன மோரோ.

மதம் மாறியும் விடவில்லை. 1567 புத்தாண்டன்று கிரனாடாவில் ஒரு சட்டம் பறைசாற்றப்பட்டது. அரபில் பேசக்கூடாது, எழுதக்கூடாது. பழைய உடை கூடாது. பழைய பெயர் கூடாது. ஹம்மாம் கூடாது, குளியல் வீடுகள் மூடப்பட வேண்டும். அந்த வெயிலில் நின்று பார்த்தவனுக்குத்தான் கடைசி வரியின் கொடூரம் புரியும். குளிப்பது வுழூவின் அடையாளம், ஆகவே குற்றம். மறு வருடம் மலைக் கிராமங்கள் கிளர்ந்தெழுந்தன. 1571 வரை போர். முடிவில் கிரனாடாவின் மொரிஸ்கோக்கள் எண்பதாயிரம் பேரளவில் பிடுங்கப்பட்டு நாட்டின் மற்றப் பகுதிகளுக்குச் சிதறடிக்கப்பட்டனர். ஊற்றைக் காக்கும் வாய்க்கால் எப்போது திறக்க வேண்டும் என்று தெரிந்த கைகள் அவை. புதிதாகக் குடியேறியோருக்கு அதைக் கற்றுக்கொடுப்பதற்காகவே சிலரைப் போகவிடாமல் நிறுத்திவைத்தார்கள்.

1609இல் மூன்றாம் பிலிப் மன்னர் எல்லோரையும் நாட்டை விட்டே அனுப்பத் தீர்மானித்தார். முதலில் வலென்சியா. செப்டம்பர் 22ஆம் திகதி அங்கே கட்டளை வாசிக்கப்பட்டது. வலென்சியா இராச்சியத்தில் மூன்றில் ஒருவர் அளவுக்கு மொரிஸ்கோக்கள். நெல்லும் கரும்பும் விளைவித்த உழவர்கள். கையில் தூக்கக்கூடியதை மட்டும் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு நடக்க வேண்டும். சிறுபிள்ளைகள் பலர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். 1614 வரை சுமார் மூன்று இலட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். போனவர்கள் மொரோக்கோ, அல்ஜீரியா, தூனிசியாவில் புதிதாக ஊர் கட்டினார்கள். தூனிசியாவின் தெஸ்தூர் நகரில் அவர்கள் கட்டிய பள்ளிவாசல் மினாராவில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதன் எண்கள் பின்னோக்கிச் சுற்றுகின்றன.

வியாழக்கிழமை நீதிமன்றம்

திரும்புவதற்கு முந்தின வியாழன் மருமகன் என்னை வலென்சியாத் தேவாலயத்தின் பக்கவாசலுக்குக் கூட்டிப்போனார். தேவாலயம் நிற்கும் இடம் பழைய ஜும்ஆப் பள்ளி இருந்த இடம். பகல் பன்னிரண்டு மணி அடித்தது. கறுப்பு மேலாடை போட்ட சில விவசாயிகள் வந்து கதிரைகளில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நீதிமன்றம் என்று அதற்குப் பெயர், தண்ணீர் நீதிமன்றம். துரியா ஆற்றின் எட்டுக் கால்வாய்களின் விவசாயிகள் தாங்களே தெரிவு செய்த ஆட்கள். சட்டத்தரணி இல்லை. எழுத்து வேலை இல்லை. முறை தவறித் தண்ணீர் எடுத்தவன், வாய்க்காலைத் துப்புரவாக்காதவன் மீது முறைப்பாடு. வாயாலே விசாரணை, வாயாலே தீர்ப்பு. ஒருவர் எழுந்து ஒவ்வொரு கால்வாயின் பெயரையும் கூப்பிட்டு, முறைப்பாடு உண்டா என்று கேட்டார். அவருக்கு "அல்குவசீல்" என்று பெயர். "அல்-வஸீர்" என்ற அரபுச் சொல்தான்.

எங்கள் வட்டை விதானை நினைவுக்கு வந்தார். கிழக்கிலே வயல் செய்கிற நண்பர்களுக்கு இந்த நீதிமன்றம் புதிதாக இருக்காது.

இந்த ஒழுங்கு முஸ்லிம் ஆட்சிக் காலத்திலிருந்து வருகிறது என்பது அந்த ஊரின் நம்பிக்கை. மறுநாள் ஜும்ஆ என்பதால்தான் வியாழனில் வைத்தார்கள் என்றும் சொல்கிறார்கள். எழுத்தில் உறுதியாக இருப்பது இது: 1238இல் வலென்சியாவைக் கைப்பற்றிய ஜேம்ஸ் மன்னர், கால்வாய்களைக் குடியேறியோருக்குக் கொடுத்தபோது, முஸ்லிம்கள் காலத்தில் இருந்த பழைய வழக்கப்படியே நீரைப் பங்கிடுமாறு சாசனம் கொடுத்தார். 2009இல் யுனெஸ்கோ இந்த நீதிமன்றத்தை மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

அன்று முறைப்பாடு ஒன்றும் இல்லை. ஐந்தாறு நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இதை வெட்டியவர்கள் போய் நானூறு வருடமாகிவிட்டது. தண்ணீர் இன்னும் அவர்கள் சொன்ன முறையில் ஓடுகிறது.

அந்தச் சொல்

இப்போது "மோரோ"வுக்கு வருகிறேன்.

வட ஆபிரிக்காவின் ஒரு பகுதியை ரோமர் மௌரெத்தானியா என்றனர். அதிலிருந்து ஸ்பானியருக்கு மோரோ, போர்த்துக்கேயருக்கு மௌரோ, ஆங்கிலேயருக்கு மூர். நூற்றாண்டுக் கணக்கில் தங்கள் வீட்டில் யாரோடு சண்டை போட்டார்களோ அவர்களின் பெயர் அது. கிரனாடா விழுந்து பதின்மூன்று வருடத்தில், 1505இல், போர்த்துக்கேயர் கொழும்பில் கரையேறினார்கள். இங்கே தொழுகிற மனிதர்களைக் கண்டார்கள். அதே பெயரைச் சூட்டினார்கள். நாம் நம்மைச் சோனகர் என்போம். நமக்கு மூர் என்று பெயர் வந்தது, அந்தலுஸின் பகையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர்களால்.

பெயர் மட்டும் வரவில்லை. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் ஸ்பானிய மன்னரின் முடியின் கீழ் இருந்தது. 1609இல் மொரிஸ்கோக்களை வெளியேற்றியவர் மூன்றாம் பிலிப். 1626இல், அவர் மகன் நான்காம் பிலிப்பின் ஆட்சியில், போர்த்துக்கேயர் தமது இலங்கைப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னர் செனரத் அவர்களை ஏற்றுக்கொண்டார். நாலாயிரம் பேரளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பாடசாலையில் இரண்டு பாடமாகப் படிப்பிக்கிறோம். ஒரே குடும்பத்தின் தகப்பனும் மகனும் ஆண்ட காலத்தில், ஒரே சொல்லால் அழைக்கப்பட்ட இரண்டு மக்களுக்கு, பதினேழு வருட இடைவெளியில் நடந்தவை இவை.

வெளியேற்றம் என்பது நமக்கு வெறும் பாடப்புத்தகச் சொல் இல்லை என்பது இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும். 1990 ஒக்டோபர். வட மாகாணத்திலிருந்து சுமார் எழுபத்தையாயிரம் முஸ்லிம்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். எனக்குப் பதினாறு வயது. சோனகத் தெருவில் எங்கள் வீட்டுக் கோடியில் வாப்பா வெட்டுவித்த கிணறு ஒன்று இருந்தது. பக்கத்தில் அவர் நட்ட வேம்பு. வாப்பா புத்தளத்து முகாமில் மௌத்தானார். கடைசிவரை அந்தக் கிணற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றித்தான் கதைத்தார்.

பாதை திறந்தபின் நான் போய்ப் பார்த்தேன். கூரை இல்லை. கதவு, ஜன்னல், நிலை எதுவும் இல்லை. வேம்பு பெருத்திருந்தது. கிணற்றில் யாரோ ஒரு குடும்பம் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்கள். சின்னப் பிள்ளை ஒன்று வேம்பு நிழலில் விளையாடியது. என்னைக் கண்டதும் அந்தப் பெண் பயந்து வாளியைக் கீழே வைத்தார். நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தேன். ஆனால் உள்ளே எரிந்தது. எங்கள் வாப்பாவின் கிணறு. கேட்க ஒரு வார்த்தை இல்லை. வருடக்கணக்காக அந்த எரிச்சலை வைத்துக்கொண்டிருந்தேன். உம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

வலென்சியாவில் அந்தக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தபடி நின்றபோது அது மெல்ல இறங்கியது. மரம் நட்டவனுக்கு, கிணறு வெட்டியவனுக்கு, அதிலிருந்து பயன்பெறும் ஒவ்வோர் உயிரின் கணக்கிலும் நன்மை எழுதப்படுகிறது என்று சின்ன வயதிலிருந்து படிப்பிக்கிறோமே, ஸதகதுல் ஜாரியா என்று? பயன்பெறுகிறவர் யார் என்று அதில் நிபந்தனை இல்லை. அந்தப் பிள்ளை வேம்பு நிழலில் இருந்த ஒவ்வொரு நாளும் வாப்பாவின் ஏட்டில் வரவு வந்திருக்கிறது. குர்துபாவில் என்னை நடையில் உட்கார வைத்துத் தண்ணீர் தந்த அம்மாவும், நானூறு வருடத்துக்கு முன் துரத்தப்பட்ட யாரோ ஒருவரின் ஏட்டை நிரப்பிக்கொண்டுதான் இருந்தார்.

இதைச் சொல்வதால் அநியாயம் நியாயமாகிவிடாது. 1609 அநியாயம். 1626 அநியாயம். 1990 அநியாயம். காணி உறுதியைத் தேட வேண்டும், மீள்குடியேற்றத்தைக் கேட்க வேண்டும், பிள்ளைகளுக்குத் திகதியோடு சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆனால் தண்ணீர் அள்ளுகிற பெண்ணின் மீது வைத்திருந்த கோபம் தவறான விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டேன்.

இன்னொன்றையும் யோசித்தேன். நாம் இப்போது எதை விட்டுச் செல்கிறோம்? புத்தளத்துக்கு வந்து முப்பத்தைந்து வருடமாகப் போகிறது. பழைய பள்ளிகளில் ஹவுழ் இருந்தது, முற்றத்தில் மரம் இருந்தது. பல ஊர்களில் ஹவுழை மூடிக் குழாய் வைத்தோம். இலை விழுகிறதென்று மரத்தை வெட்டித் தரையோடு பதித்தோம். பின்னேரத்தில் அந்தத் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை. உள்ளே குளிர்சாதனம், அதற்கு மாதாமாதம் கரண்ட் பில். அந்தலுஸின் பெருமையை ஜும்ஆ மேடையில் பேசுகிறோம். அந்தலுஸ்காரன் நம் பள்ளி முற்றத்தில் வந்து நின்றால் முதலில் நிழல் எங்கே என்று கேட்பான்.

அதனால் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து பாடசாலைச் சுவரோரமாக ஏழு வேப்பங்கன்றுகள் வைத்தோம். ஒன்றை ஆடு தின்றுவிட்டது. ஆறு நிற்கின்றன. இந்தக் கோடையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று முறை வைத்து, வியாழக்கிழமைகளில் கணக்குப் பார்க்கிறோம். தவறியவன் மீது முறைப்பாடு வைக்கலாம், தீர்ப்பு வாயாலேதான்.

உங்கள் பழைய வீட்டுக் கிணற்றையும், யார் வெட்டினார்கள், எந்த வருடம் என்பதையும் தெரிந்தவர்கள் எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தலுஸில் வாய்க்கால் மிஞ்சியது; வெட்டியவர்களின் பெயர் மிஞ்சவில்லை. நம் விடயத்தில் இரண்டும் மிஞ்சட்டும்.

வாப்பாவுக்காக ஒரு துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.